வசந்தாவுக்காகத் தேய்த்த முன் சைட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக்குப் பயந்தவனும் இல்லை, அதையெல்லாம் நம்பினவனும் இல்லை. முப்பத்துநாலு வருஷம் ஃபேக்டரியில் லேத் முன்னால் நின்ற ஆள். வெர்னியரில் அளந்து காட்டு ஒத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் ஆளை விடு, இதுதான் என் பேச்சு. கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு ஆவிக் கதைக்கா பஞ்சம்? பாறை விழுந்து செத்தவர்கள் ஷிஃப்டு மாறுகிற நேரத்தில் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி மேலே வருவார்கள் என்று மாரிகுப்பத்தில் பாதிப் பேர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். சுரங்கத்தையே மூடியாகிவிட்டது, கேஜ் துருப்பிடித்து நிற்கிறது, செத்தவன் எந்த ஷிஃப்டுக்கு வேலைக்குப் போகிறான் என்று நான் கேட்பேன். வசந்தா தலையில் அடித்துக்கொள்வாள். வசந்தா என் மனைவி. போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கிறுக்கு இருந்தது, பழைய டார்கெட் ரிவால்வர். காவலுக்கோ சண்டைக்கோ செய்தது இல்லை அது, அட்டையில் குறி பார்த்துச் சுடுவதற்கென்றே நீளக் குழலும் இளக்கமான விசையுமாகச் செய்தது. வெள்ளைக்கார மைனிங் துரைகள் விளையாடிவிட்டுப் போனவை, யார் யார் பீரோவிலோ கிடந்து, கடைசியில் பெங்களூர் துப்பாக்கிக் கடைக்கு வந்து சேரும். நாங்கள் வாங்கினது மொத்தமே மூன்று. இதுக்குப் பேர் கலெக்‌ஷனா என்று சிரிக்காதீர்கள், லைசன்ஸுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. என் பேரில் இரண்டு, அவள் பேரில் ஒன்று. அவளுடையது முப்பத்திரண்டு போர், ஆறு அறை, பிடி வால்நட் மரம், எங்கள் இருவர் வயதையும் கூட்டினாலும் அதற்கு வயது அதிகம் இருக்கும்.

அவள் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவள். இருபத்தைந்து வருஷம் முத்திரை குத்தின கை, அதில் ஒரு நடுக்கம் நான் பார்த்ததில்லை. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் முதல் தடவை துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப்போனேன், ஐந்து குண்டு கொடுத்தேன், ஐந்தையும் கறுப்பு வட்டத்துக்குள் போட்டுவிட்டு, "இன்னாங்க, இதுக்கா வாரம் பூரா லோல்படறீங்க?" என்று கேட்டாள். எனக்கு வந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் நந்திதுர்க் சுரங்கம் தாண்டிப் போய்விடுவோம். பொன் எடுத்துவிட்டுக் கொட்டின மண் அங்கே மலையாகக் கிடக்கிறது, சயனைட் மேடு என்போம், அதன் அடிவாரத்தில்தான் எங்கள் ரேஞ்ச். அதற்குள் போன குண்டு எங்கேயும் திரும்பாது.

இனிமேல்தான் விஷயம். இந்த மாதிரிப் பழைய ரிவால்வரில் குழல் நுனியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், முன் சைட் என்போம். அதைத் திருகி ஏற்றி இறக்க முடியாது. குண்டு அட்டையில் கீழே விழுகிறதா, அரம் போட்டு அந்தத் தகட்டை மயிரிழை தேய்க்க வேண்டும், குண்டு மேலே ஏறும். ஒரு தடவை தேய்த்தால் தேய்த்ததுதான். ஆளுக்கு ஆள் பிடி வேறு, பார்வை வேறு, அதனால் ஒருவருக்காகத் தேய்த்ததை இன்னொருவர் சுட்டால் சரியாக வராது. இந்த வேலையில் தங்கவயலிலேயே என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளி கழிந்த சமயம், வசந்தாவின் குண்டுகள் கீழே இறங்க ஆரம்பித்தன. நடு வட்டமான பத்தில் விழுந்துகொண்டிருந்தது எட்டில் விழுந்தது, அப்புறம் ஆறில். சிதறவில்லை, அதுதான் என்னை ஏமாற்றிவிட்டது, ஐந்தும் ஒரே இடத்தில் ஒரு ரூபாய்க் காசால் மூடுகிற மாதிரி விழும், ஆனால் கீழே. சுடுகிறவர் தப்பு என்றால் சிதறும், ஒரே இடத்தில் விழுந்தால் துப்பாக்கியின் கோளாறு, இது இந்த விளையாட்டில் பாலபாடம். அவள் ஒரு நாள் சொன்னாள்.

"இன்னாங்க, கை கொஞ்சம் மரத்துப்போறாப்ல கீது. சுடும்போது தன்னால எறங்குது."

"அடப் போமே, உன் கைல இன்னா கோளாறு வரும்? கெழட்டுத் துப்பாக்கி, அதான். நான் சரி பண்ணித் தரேன்."

"நீங்க சொன்னா சரிதான்."

சரி பண்ணினேன். நாலு மாசத்தில் நாலு தடவை. குழலைத் துணி சுற்றி வைஸில் இறுக்கி, ஊசி அரத்தால் தேய்த்து, வெர்னியரில் அளந்து, தேய்த்த இடம் துருப்பிடிக்காமல் நீலச் சாயம் தடவி. ஒவ்வொரு தடவையும் குண்டு மறுபடி பத்துக்கு ஏறியது. அவள் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாசம் மறுபடி இறங்கும், மறுபடி அரம். பின்னால் நின்றுகொண்டு நான் டெலஸ்கோப்பில் அட்டையைத்தான் பார்த்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் மணிக்கட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒரு காலை அவள் கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. பெங்களூருக்கு ரயில் ஏறினோம். மூளையில் இடது பக்கம் கட்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வலது கை பலவீனம் முன்னாலேயே ஏதாவது தெரிந்ததா? நாலைந்து மாசம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார். நான், "இல்லைங்க டாக்டர், ஒன்றும் தெரியவில்லை" என்றேன். பொய். தெரிந்தது. தெரிந்ததை உட்கார்ந்து நாலு தடவை அரம் போட்டுத் தேய்த்து மறைத்தவன் நான்.

அவளிடமும் சொல்லவில்லை. கடைசி மாசத்தில் பேச்சு குழறும், ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லகாலம், நீங்க துப்பாக்கிய சரி பண்ணிக் குடுத்தீங்க. கை வுழற வரைக்கும் நல்லாச் சுட்டேன் இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். வெளியே வந்து ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பையன் கன்னடத்தில் ஆறுதல் சொன்னான்.

அவள் போன பிறகு ரிவால்வர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, லைசன்ஸ்தாரர் இறந்தால் அதுதான் சட்டம். வாரிசு என்று மனுப் போட்டு, அலைந்து, என்னுடைய இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவளுடையதை என் பேருக்கு மாற்றிக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். ராத்திரி இல்லை, அமாவாசை இல்லை, காலை ஒன்பது மணி, சுள்ளென்று வெயில், டீ ஃப்ளாஸ்க் கூட மேஜைமேல் இருந்தது.

கிளப்பைப் பார்த்துக்கொள்கிற தாமோதரன் மட்டும் இருந்தான். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், வசந்தாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ரிவால்வரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"நான் மொதல்ல அஞ்சு சுடட்டா அண்ணே? அக்கா ஞாபகமா."

"சுடு. ஆனா அட்டைல வுழாது. சைட் ரொம்பத் தேஞ்சி கீது, எல்லாம் மேல போவும்."

அப்படியேதான் ஆனது. எங்கள் அட்டை ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஐந்து குண்டும் அட்டையைத் தாண்டி மேலே போய் மேட்டில் புழுதி கிளப்பின. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்த்திருக்கிறேன், இருபது மீட்டர் தூரத்தில் கணக்குப் போட்டால் அரை அடி மேலே போக வேண்டும், போனது. இது வரைக்கும் எல்லாம் கணக்குதான்.

அடுத்து நான் நின்றேன். ஐந்து குண்டு போட்டு, கையை நீட்டி, கறுப்பு வட்டத்துக்கு அடியில் சைட்டை வைத்தேன். விசையைத் தொட்டதும் மணிக்கட்டு இறங்கியது. நடுக்கம் இல்லை, வலி இல்லை, தூங்கிப்போன குழந்தையின் தலை தோளில் சாய்கிற மாதிரி மெதுவாக இறங்கியது, நான் நிறுத்தப் பார்க்கிறேன், கை கேட்கவில்லை, குண்டு வெடித்துவிட்டது. தரையில்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குக் கை நீட்டும்போது பார்க்கிறேன், என் சுண்டுவிரல் பிடிக்கு அடியில் மடங்கி இருக்கிறது. என் கை பெரிய கை, நான் அப்படிப் பிடித்ததே இல்லை. சின்னக் கை, பிடி வழுக்கும் என்று வசந்தாதான் அப்படி மடக்குவாள். நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், என் புறங்கைமேல் சூடு தெரிந்தது, வெயில் சூடு இல்லை அது. ஐந்தையும் சுட்டேன்.

டெலஸ்கோப்பில் பார்த்த தாமோதரன் நிமிரவே இல்லை.

"அண்ணே, இன்னா பண்ணே நீ? அஞ்சும் பத்துல கீது."

"சும்மா வெளாடாத."

"அக்கா மேல சத்தியமா. வந்து பாரு."

பார்த்தேன். ஐந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நட்ட நடுவில். இந்தத் துப்பாக்கி உலகத்தில் ஒரே ஒரு கைக்குத்தான் அந்த இடத்தில் சுடும். நல்ல கைக்கு இல்லை, இறங்கிப்போகிற ஒரு கைக்கு.

ரிவால்வரைத் திறந்து, காலி என்று காட்டி, மேஜைமேல் வைத்தேன். தாமோதரன் புது அட்டை மாட்டுவதற்கு நடந்து போனான். நான் தனியாக நின்றேன். தனியாக என்று வாய் சொல்கிறது, ஆனால் அப்படி இல்லை, முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளை எனக்குத் தெரியாதா. வலது பக்கம் நின்றாள். திரும்பிப் பார்க்கப் பயம் இல்லை, பார்த்தால் போய்விடுவாளோ என்றுதான் பார்க்கவில்லை. சந்தோஷமாக நின்றாள், அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பத்தில் ஐந்து விழுந்தால் அவள் எப்படி நிற்பாளோ அப்படி.

அப்போது சொல்லிவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்தது அப்படியே வந்துவிட்டது.

"வசந்தா, துப்பாக்கில ஒரு கோளாறும் இல்லமே. உன் கைதான். நீ அப்பவே சொன்ன, நான்தான் கேக்கல. நாலு மாசம் அரம் போட்டு மறைச்சிட்டேன். டாக்டர் கேட்டாரு, அவருகிட்டயும் பொய் சொன்னேன். என்ன மன்னிச்சுடு."

தாமோதரன் திரும்பி வந்து, "சுடுண்ணே, மறுபடி சுடு" என்று அவசரப்படுத்தினான். குண்டு போட்டேன். கை நீட்டினேன். கை இறங்கவில்லை. என்னுடைய கை, என்னுடைய பிடி, சுண்டுவிரல் அதன் இடத்தில். ஐந்தும் அட்டைக்கு மேலே போய்ப் புழுதி கிளப்பின. வலது பக்கம் ஒருவரும் இல்லை. திரும்பிப் பார்த்துவிட்டேன், இருந்திருந்தால் பார்க்காமல் இருந்திருப்பேன்.

"வுடுண்ணே, அதிர்ஷ்டம் ஒரு தபாதான் அடிக்கும்" என்றான் தாமோதரன்.

அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். ஒரு குண்டு அட்டையில் விழுந்ததில்லை. புது முன் சைட் செய்து வைத்தால் சரியாகிவிடும், எனக்கு அரை நாள் வேலை, தாமோதரன் கூட வாரம் தவறாமல் சொல்கிறான். நான் செய்யவில்லை. கையை நீட்டி நின்று, கை இறங்குமா இறங்குமா என்று காத்துக்கொண்டு நிற்கிறேன், இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரன். வேண்டுமென்றே இறக்கிச் சுட்டும் பார்த்தேன், அட்டையைச் சுற்றிச் சிதறுகிறது.

உங்களுக்கு முன்னால் இதைக் கேட்ட ஒரே ஆள் என் மச்சினன், வசந்தாவின் தம்பி, அவன் சொன்னான், அக்கா மன்னிச்சிடுச்சி மாமா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்துச்சி, கேட்டுட்டு நிம்மதியாப் போயிடுச்சி என்று. நல்ல மனசு அவனுக்கு. நானும் பகலில் எல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளே, அப்போது அவளுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு ரேஞ்சிலும் பக்கத்தில் அப்படித்தான் நின்றாள். நான் வாயைத் திறக்கிற வரைக்கும் அவளுக்கு அது தெரியவே தெரியாதோ?