மணி இருந்தது, தேதி இல்லை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் நான் பொம்மையார்பாளையத்தில் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன். வலைப்பதிவுகளுக்குத் தீம், அதாவது பக்கங்களின் தோற்றம், செய்து கொடுப்பது தொழில். ஆரோவில்லில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள், பாண்டிச்சேரிக் கடைக்காரர்கள், சில சங்கங்கள் என்று ஆட்கள் வருவார்கள். மேலே என்ன படம், என்ன நிறம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். மீதியெல்லாம் எங்கள் தலையில். தமிழுக்கு வரி இடைவெளி போதாமல் மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கி'யும் மோதிக்கொள்ளும். நீளமான சொல் ஒன்று பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்தால் யாரும் பாராட்டப்போவதில்லை. செய்யாவிட்டாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

சுனாமிக்குப் பிறகு மரக்காணம் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொண்டுக் குழு, எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிவிக்க ஒரு வலைப்பதிவு கேட்டது. கையில் இருந்த தீம் ஒன்றில் நிறத்தை மாற்றிக் கொடுத்தோம்.

என் அக்கா அந்தப் பகுதியில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். உப்பளங்களுக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய ஊர். அங்கிருந்து வெளியே வர இரண்டு வழி. உப்பளங்களுக்கு நடுவே தரைப்பாலம் வழியாக வந்தால் சீக்கிரம் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். இன்னொன்று வடக்கே சுற்றிக்கொண்டு மரக்காணத்துக்குள் வரும் மண் பாதை. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஊரிலேயே ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். அந்த ஆபீசில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தன. அக்காவுக்கு அது இரண்டாவது பிரசவம். முதலாவதில் ரத்தம் நிறையப் போய்ப் பிழைத்து வந்தவள்.

ஒருநாள் முற்பகலில் மாமா அந்த ஆபீசிலிருந்து போன் செய்தார்.

"வலி வந்துடுச்சும்மா. ஆட்டோ சொல்லிட்டேன். பாண்டிக்கே கூட்டிட்டுப் போறேன்."

"எந்த வழியா மாமா?"

"தரைப்பாலம்தான். அந்தப் பேரைப் போட்டுத் தேடினேன், நீங்க செஞ்ச சைட்டுதான் வந்துச்சு. தண்ணி வடிஞ்சிடுச்சு, வண்டி போகுதுன்னு காலைல ஏழரைக்குப் போட்டிருக்கான்."

வைத்துவிட்டார். நாங்கள் செய்தது வீட்டு மனிதருக்கே பயன்பட்டதே என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று முகப்பைத் திறந்தேன். முதலில் இருந்தது வேறு, அன்றைய தேதியில். 'தரைப்பாலத்தின் மேல் மறுபடி தண்ணீர் ஓடுகிறது. யாரும் இறங்க வேண்டாம்.' மாமா சொன்ன பதிவு எங்கோ கீழே கிடந்தது. அது போன வாரத்தது.

அதன் தலைப்பைச் சொடுக்கினேன். தேடி வருகிறவர்கள் பார்க்கும் தனிப் பக்கம் திறந்தது. பெரிய எழுத்தில் தலைப்பு, நான்கு வரிச் செய்தி, அடியில் 'காலை 7.30'. தேதி இல்லை. முகப்பில் தேதி, அந்த நாளின் பதிவுகளுக்கெல்லாம் சேர்த்து மேலே ஒரே ஒரு முறை வரும். தனிப் பக்கத்துக்கு அது வரவே வராது. அந்தப் பக்கத்தை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. முகப்பில் மிஞ்சியது அங்கே போய் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

மாமாவிடம் செல்போன் கிடையாது. அவர் ஆபீசுக்குப் போன் போட்டேன். உப்பு மூட்டை எடை போடுகிறவர் எடுத்தார்.

"அவரு இப்பதாம்மா போனாரு."

"அண்ணே, பாலத்து மேல தண்ணி ஓடுதாம். யாராவது பைக்ல போய் நிறுத்துங்கண்ணே."

"வைம்மா, நானே போறேன்" என்றார்.

எங்கள் முதலாளி என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேதி எங்கம்மா?" என்றார்.

"இல்ல சார்."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "பஸ்ஸுக்கு நிக்காத, வா."

மழை முகத்தில் அறைந்தது. தரைப்பாலம் சாலையில் ஏறும் இடத்தில் இறங்கிப் பார்த்தேன். பாலம் இல்லை. ஓரக் கற்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. செம்மண் நிறத் தண்ணீர் இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு போனது. ஆட்டோ எதையும் காணோம்.

முனையில் டீக்கடைக்காரர் இருந்தார். "ஒரு ஆட்டோ அந்தக் கரைல எறங்குச்சும்மா. பாதிலயே நின்னுடுச்சு" என்றார்.

"அப்புறம்?"

"மழை புடிச்சு ஒண்ணும் தெரியல. விட்டப்போ பார்த்தா வண்டி இல்ல."

தண்ணீரில் கறுப்பாக எதுவோ உருண்டு வந்தது. ஆட்டோவின் கூரை என்றே நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்ததும்தான், உப்புக் குவியலை மூடும் ஓலைக் கீற்று என்று தெரிந்தது. நனைந்து கறுத்துப் போயிருந்தது.

"திரும்பியிருந்தாங்கன்னா மரக்காணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாங்க. எந்திரி" என்றார் முதலாளி.

மரக்காணம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் சேறு அப்பிய ஆட்டோ ஒன்று நின்றது. உள்ளே பெஞ்சில் மாமா, மார்பு வரை நனைந்து உட்கார்ந்திருந்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி நின்றதும், அக்கா சீட்டில் கிடந்து கத்தக் கத்த, அவரும் டிரைவரும் மட்டும் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். வண்டி பக்கவாட்டில் நகர ஆரம்பித்திருக்கிறது. அப்போது எடை போடுகிறவர் இன்னும் இருவரோடு வந்து சேர்ந்து, பின்னுக்கு இழுத்துக் கரையேற்றியிருக்கிறார். எஞ்சின் மறுபடி கிளம்பியதும் மண் பாதையில் சுற்றி இங்கே வந்திருக்கிறார்கள்.

"ஏழரைன்னு போட்டிருந்துச்சேம்மா" என்றார் மாமா.

"அது போன வாரத்து ஏழரை மாமா."

"தேதியைப் போடறதுக்கு என்ன?" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக் கேட்டார்.

நர்ஸ் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நாங்கள் எழுந்தோம். ரத்தம் இந்த முறையும் போனது, ஆனால் நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை. அக்கா கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "நீ ஏன்டி இப்படி நனைஞ்சிருக்க?" என்றாள்.

மறுநாள் குழுவின் வலைப்பதிவில் ஒவ்வொரு பதிவின் தலைப்புக்கு அடியிலும் நாள், மாதம், வருடம் வருகிற மாதிரி செய்தேன். பழைய பதிவாக இருந்தால் 'இது பழைய செய்தி, இன்றைய நிலைக்கு முகப்பைப் பாருங்கள்' என்று சிவப்பில் ஒரு வரி. பிறகு, அதே தீமை வாங்கிய மற்றவர்களுடையதையும் யாரையும் கேட்காமல் மாற்றினேன். ஒரு துணிக்கடைக்காரர் போன் செய்து, பழைய சரக்கு மாதிரி தெரிகிறது, தேதியை எடுத்துவிடுங்கள் என்றார். முதலாளி போனை வாங்கி, "அதை எடுக்க முடியாதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க யாரும் திறந்து பார்க்காத பக்கங்களாகத் தேடித் திறந்தேன். தேடியது கிடைக்காதபோது வரும் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவசரத்தில் அங்கே வந்து நிற்கிறவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் குழுவின் போன் நம்பரைப் போட்டேன்.