எதிர் வீட்டைப் பயமுறுத்திய திருஷ்டி பொம்மை

ஈர வைக்கோல் வாசனையும் ஷூ ஒட்டும் பசை வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்...

ஆம்பூரில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்த வருஷம். கல்யாணமான புதுசு. நானும் என் வீட்டுக்காரர் சேகரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவர் கட்டிங், நான் தையல். அதே தெருவில் வாடகைக்கு இருந்தோம். சுவர் ஆள் உயரம் தாண்டியதும் மேஸ்திரி சொன்னார், "ஒரு திருஷ்டி பொம்மை கட்டிடுங்க சார்."

எல்லாரையும் போல பழைய பேன்ட் சட்டையில் வைக்கோலை அடைத்து, தலைக்கு ஒரு பானையைக் கவிழ்த்து விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் விடவில்லை.

கம்பெனியில் கேட்டு, ரிஜெக்ட் ஆன பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தார். சிவப்பு லைனிங் தோலில் வயிறு வரை தொங்கும் நாக்கு. கறுப்புத் தோல் துண்டுகளைக் கீறிக் கீறி, ஷூ பசையில் ஒட்டிய தலைமுடி. கண்ணுக்கு சீரியல் பல்பு. சாயங்காலம் ஸ்விட்ச் போட்டால் ரெண்டு கண்ணும் விட்டு விட்டு எரியும்...

தெருவே வந்து பார்த்தது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள்.

"இன்னாப்பா இது, எமனே வாட்ச்மேன் வேலைக்கு சேர்ந்துட்டான் போல!" என்றார் டீக்கடைக்காரர். அதை இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனார்.

நாங்கள் கட்டும் வீட்டுக்கு எதிர் வீட்டில் பர்வீன். என்னைவிடச் சின்னவள். அவள் மகள் நஸீமாவுக்கு நாலு வயது இருக்கும். எப்போதும் வாசலில் குதித்துக்கொண்டிருக்கும் குழந்தை. கொஞ்ச நாளாகக் காணவில்லை. ஜுரமோ என்னவோ என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை ஜல்லி லாரி தெருவை அடைத்து நின்றது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் பின்சந்து வழியாகப் போனேன். அங்கே பர்வீன், ஒரு கையில் புர்காவைத் தூக்கிப் பிடித்து, சாக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் நஸீமா. குழந்தையின் தலையை ஒரு துப்பட்டா மூடியிருந்தது.

"இன்னா பர்வீன், இந்த வழியா வர்ற?"

"சும்மாதான்க்கா..."

துப்பட்டாவுக்குள்ளிருந்து சின்னக் குரல் கேட்டது. "அம்மி, அவன் போய்ட்டானா?"

பர்வீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க பொம்மைய பாத்து பயப்படறாக்கா. முன்கதவத் தொறந்தாலே அழுகை. தூங்கறதே இல்ல, ரொம்ப பேஜாரா இருக்குது. உங்க வீடு முடியற வரைக்கும் நாட்றம்பள்ளில எங்கம்மா வீட்ல விட்டுடலாம்னு இருக்கோம்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அண்ணன் எவ்ளோ ஆசையா கட்டினாரு. எப்டிக்கா சொல்றது?"

அன்று முழுக்க மெஷினில் கை ஓடியதே தவிர மனசு ஓடவில்லை. நாங்கள் ஆசையாகக் கட்டிய ஒன்றுக்காக ஒரு குழந்தை அம்மாவைப் பிரிந்து போய்த் தூங்கவேண்டுமா?

சாயங்காலம் சொன்னதும் இவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போய் முதலில் பல்பைப் பிடுங்கினார். "கழட்டிடறேன்" என்றார். கணியம்பாடியிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதி கட்டடத்துல திருஷ்டி பொம்மைய எடுக்கக் கூடாதுடா. வேற பக்கம் மாட்டு."

"அந்தப் பக்கமும் வீடு இருக்குதேம்மா..."

ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் பொம்மையை இறக்கி மணல் மேட்டில் படுக்க வைத்தார். நாக்கைக் கழற்றினார். பிறகு எதிர் வீட்டு வாசலில் போய்க் குந்தினார்.

"நஸீமாம்மா, அவன் கீழ வந்துட்டான். உள்ள வெறும் வைக்கோல்தான். நீ வந்து ஒரு குத்து வுடு."

பர்வீனின் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே. கடைசியில் அம்மா விரலைப் பிடித்தபடி வந்து, பொம்மையின் வயிற்றில் ஒரு குத்து. வைக்கோல் பிதுங்கியது. இன்னொரு குத்து. அப்புறம் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"மூஞ்சி நல்லா இல்ல மாமா."

"எப்டி இருக்கணும்?"

"சிரிக்கணும்."

இவர் பொம்மையின் பானைத் தலையைத் துடைத்துச் சுண்ணாம்பு பூசினார். அவள் சொல்லச் சொல்ல வரைந்தார். காதுவரை நீளும் சிரிப்பு. பர்வீன் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பழைய பச்சைத் துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்து பொம்மையின் தோளில் போட்டாள்.

மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார். "சிரிக்கிற மூஞ்சிய பாத்து எந்தத் திருஷ்டி ஓடும்?"

"கண்ணு வெக்க வர்றவங்களும் சிரிச்சிட்டுப் போய்டுவாங்கம்மா. அப்றம் எங்க கண்ணு படும்?" என்றாள் பர்வீன்.

மாமியார் விறுவிறுவென்று எங்கள் வாடகை வீட்டுக்கு நடந்தார். மை டப்பாவோடு திரும்பி வந்து, பொம்மையின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"இவ்ளோ அழகா இருக்குதே... இதுக்கே கண்ணு பட்டுடும்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நஸீமா நாட்றம்பள்ளிக்குப் போகவில்லை. தினமும் காலையில் பொம்மைக்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனாள். கிரகப்பிரவேசத்தன்று வழக்கப்படி பொம்மையை எடுத்தபோது, தெருவே கேட்கும்படி அழுதாள். "இதுக்கு அன்னிக்கே எடுத்திருக்கலாம்!" என்று பர்வீன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது பிள்ளைகளுக்காக வேலூரில் அபார்ட்மென்ட் வாசம். எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும். எந்தச் சங்கடமானாலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான். யார் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு வழியை அடைக்கிறது என்பதுகூட போட்டோவோடு வரும். எதிரில் வந்தால் யாரும் எதுவும் பேசுவதில்லை...

போன வாரம் காலிங் பெல் அடித்தது. எதிர் ஃபிளாட் பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு.

"ஆன்ட்டி, ஹாலோவீனுக்கு பசங்க ஆசைப்படறாங்க. இத எங்க வாசல்ல மாட்டினா, நீங்க கதவத் தொறந்ததும் நேரா இதான் தெரியும். உங்களுக்கு ஓகேவா? பிடிக்கலன்னா உள்ளயே மாட்டிக்கறேன்."

நான் பதில் சொல்வதற்குள் இவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"தாராளமா மாட்டும்மா. மொதல்ல உள்ள வா, காபி சாப்டு" என்றேன்.

ஒரு வருஷமாக எதிரெதிர் வாசலில் குடியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.