இரும்பு எழுபது, ஆக்சிஜன் முப்பது

என் அம்மாவும் அண்ணனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கிண்டியில் வேலை பார்க்கும் அண்ணன் இப்போது எல்லோரிடமும் இதைத் தானாகவே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். ஆனால் அந்த வருடம் அவன் போட்ட முதல் நிபந்தனை, பஸ்ஸில்கூட அம்மா அவன் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பதுதான்.

அப்போது நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் கடை. அண்ணன் பதினோராம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். பரீட்சை எழுத உட்கார்ந்தால் படித்ததெல்லாம் ஓடிப்போகிறது என்றான். கடைசியாகப் போன பரீட்சையில் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பா திட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு இரண்டையும் விட்டுவிட்டார். அண்ணன் பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான். எனக்கு ஒன்பது வயது. டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்களே என்பதுதான் அதில் எனக்கிருந்த துக்கம்.

பள்ளிக்கூடம் போகாமலே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை ஒன்றை எழுதலாம், தி. நகரில் சனி ஞாயிறில் அதற்கு வகுப்பு நடக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அண்ணன் மாட்டேன் என்றான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பத்தாவது முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டிருந்தார்கள். தலையைத் தூக்காமலே, "நானும் சேர்றன்டா. ரெண்டு பேருமா போய்ட்டு வரலாம்" என்றாள்.

அப்பா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

வகுப்பில் அம்மா முதல் பெஞ்சு, அண்ணன் கடைசி பெஞ்சு. அவள் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஆனால் மற்றவர்கள் கேட்கப் பயந்த சந்தேகத்தையெல்லாம் அம்மா எழுந்து நின்று கேட்டாளாம். ஒரு மாதத்தில் அந்த வகுப்பே அவளை "அக்கா, இதையும் கேளுங்க" என்று தூண்டிவிட ஆரம்பித்தது. கடைசியில் அண்ணனும் தன் சந்தேகத்தை ஒரு சீட்டில் எழுதி, பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றி முன்னால் அனுப்பினான். கையெழுத்தைப் பார்த்து அம்மா அடையாளம் கண்டுகொள்வாள். கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்கள். வேதியியலில் ஒரு வகைக் கணக்கு அவர்களை மிகவும் படுத்தியது. ஒரு பொருளில் எது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து அந்தப் பொருளின் எளிய வாய்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நூறு கிராம் எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொள். ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் வகு. வந்த விடைகளில் சின்னது எதுவோ அதனால் எல்லாவற்றையும் மறுபடி வகு. இதுவரை அண்ணன் சரியாக வந்துவிடுவான். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று முழுசாக வந்தால் கவலையில்லை. ஒன்றுக்கு ஒன்றரை என்று வந்துவிட்டால் அவனுக்குக் கை ஓடாது. அந்த அரையைப் பார்க்கப் பிடிக்காமல் மேலே தள்ளி இரண்டாக்கிவிடுவான்.

"பாதி அணுன்னு ஒண்ணு கிடையாதுடா. அதுக்காக நீயா இல்லாததைச் சேக்கலாமா?" என்பாள் அம்மா. "ரெண்டு பக்கத்தையும் ரெண்டால பெருக்கு. ரெண்டுக்கு மூணு. யாருக்கும் குறையாது."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. அரை வந்தால் இரண்டால் பெருக்கு என்று பாட்டாகப் பாடிக்கொண்டு பாண்டி ஆடுவேன்.

பரீட்சை கோடை விடுமுறையில் வந்தது. வேதியியல் அன்று வீட்டில் யாரும் இல்லாததால் என்னையும் தி. நகருக்கு அழைத்துப் போனார்கள். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில், காவல்காரரின் மனைவி பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் முதலில் வந்தாள். அப்படியொரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. குனிந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, அந்தக் கணக்கு வந்திச்சு. இரும்பு எழுபது, ஆக்சிஜன் முப்பது. ஒண்ணுக்கு ஒண்ணரை வந்திச்சு. பெருக்கிட்டேன்."

"ரெண்டுக்கு மூணு" என்றேன்.

"ரெண்டுக்கு மூணு" என்றாள் அவளும். காவல்காரரின் மனைவி எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தாள்.

அண்ணன் கடைசி மணி அடித்த பிறகு வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஆனால் பாதியில் எழுந்து வரவில்லை, முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தான். நிபந்தனையை மறந்து எல்லோர் எதிரிலும் நேராக அம்மாவிடம் வந்தான். பனகல் பூங்கா நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு குரல் இறங்கியது.

"அந்த இரும்புக் கணக்கும்மா. ஒண்ணரைன்னு வந்திச்சு. ரெண்டுன்னு வச்சிட்டேன். கரெக்டுதான?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

"கரெக்டுதான்டா. நானும் அதான் போட்டேன்" என்றாள்.

அண்ணன் மூச்சை விட்டான். அது எனக்குக் கேட்டது. பஸ்ஸில் அவன் அம்மாவை ஒட்டி நின்றுகொண்டு வந்தான். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொன்னால் எனக்கு அடி விழும். அம்மா நடுரோட்டில் சொல்லியிருக்கிறாள், அதுவும் தான் ஜெயித்த கணக்கைத் தோற்றதாகக் காட்டி.

வீட்டுக்கு வந்ததும், அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை. "உனுக்கு இன்னா தெரியும், போய் கை கால் கழுவு" என்று அப்பா என்னைத்தான் விரட்டினார். எனக்கு அழுகையாக வந்தது.

இரண்டு நாள் விட்டுக் கணக்குப் பரீட்சை. அந்த இரண்டு நாளும் அம்மா சமையல் முடிந்த கையோடு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் போடும் கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எல்லாப் பாடத்திலும் தேறினான். அம்மா கணக்கில் மட்டும் தவறி, அடுத்த முறை தனியாக பஸ் ஏறிப் போய் எழுதி முடித்தாள். அதெல்லாம் பிற்பாடு.

வேதியியலுக்கு மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அண்ணன் பால் வாங்கப் போயிருந்தான். என் கோபம் தீர்ந்திருக்கவில்லை.

"உன்னுதுதான சரி? ஏம்மா அவன்கிட்ட அப்படிச் சொன்ன?"

"அவனுக்கு இன்னும் கணக்குப் பரீட்சை கீது பாப்பா" என்றாள் அம்மா.

"உனுக்கும்தான் கீது."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு, "ஆமா இல்ல, எனுக்கும் கீது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.