இசபெல் கேட்ட நாலாம் பாகம்

மணவாளக்குறிச்சி சந்தையில் இசபெலிடம் மீன் வாங்கிப் பழகினவர்களுக்குத் தெரியும், அவளிடம் பேரம் பேசி ஜெயிக்க முடியாது. அயலையின் செவுளைத் தூக்கிக் காட்டி, "கண்ணத் தொறந்து பாரும் ஓய், பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்" என்பாள். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி, மத்தியானம் இரண்டரை மணி ஆகிவிட்டால் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். எதுக்கு? வீடியோ கேம் விளையாட. சிரிக்காதீங்க. நாற்பத்தாறு வயசுப் பொம்பளை கேம் விளையாடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கு?

அந்த கேம் பெட்டி அவளுடைய கொழுந்தன் குவைத்திலிருந்து கொண்டுவந்து, தன் பிள்ளைகள் புதுசு வாங்கினதும் இவள் வீட்டில் தள்ளிவிட்டது. கூடவே ஒரே ஒரு டிஸ்க். 'ஹார்பர் கிங்', மூன்றாம் பாகம். ஒரு வள்ளம், அதில் இரண்டு பேர். ஒருத்தர் சுக்கான் பிடிக்க வேண்டும், அடுத்தவர் வலை வீச வேண்டும். ஒருத்தர் சொதப்பினால் இரண்டு பேரும் முங்கிப் போவார்கள்.

இசபெலின் புருசன் மரியஜானுக்கு இடது கையில் பெருவிரல் மட்டும்தான் மிச்சம். ஆறு வருசத்துக்கு முன்னால் விசைப்படகில் வலை இழுக்கிற விஞ்ச் சுற்றும்போது கயிறு மற்ற நாலு விரலையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டு வருசம் கடலில் கிடந்த மனுசன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். சோறு வைத்தால் சாப்பிடுவார், பேச்சு கிடையாது. எந்த கேமுக்கும் பத்து விரல் வேண்டும். இதில் சுக்கானுக்கு ஒரு குச்சியைத் தள்ளினால் போதும். ஒரு நாள் மகள் பெபிஷா அவர் வலது கையில் அதைத் திணித்தாள். அரைமணி நேரம் கழித்து மனுசன் வாய் திறந்தார்: "ஏட்டி, நீவாடு மாறுது, இப்பம் வலய எறியாத!"

நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். இசபெல் அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள், அன்றைக்குத்தான் அது என்னவென்று விளங்கிற்று. அதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். திட்டு வாங்கினாள், திருப்பித் திட்டினாள். "ஒமக்கு கண்ணு எங்க கெடக்கு, பாறை தெரியல்லியா?" என்று இவள் கத்துவது அடுத்த வீட்டு சபிதாவுக்குக் கேட்கும்.

மூன்றாம் பாகம் ஒரு பெரிய பாறைத் திட்டின் முன்னால் முடியும். அதற்கு அந்தப்பக்கம் வேறொரு கடல் தெரியும், போக முடியாது. நாலாம் பாகத்தில் போகலாம் என்று எழுதி வரும். அந்த நாலாம் பாகம் பதினாலு வருசமாக வரவே இல்லை. கம்பெனிக்காரன் இந்த கேமை ஓரங்கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டான், சவத்துப்பய. இங்கே டிஸ்க் கீறல் விழுந்து, பெட்டியும் இருமத் தொடங்கியிருந்தது. நாகர்கோவிலில் ரிப்பேர்க்காரன் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு பார்ட்ஸ் கெடைக்காது அக்கா. ஓடுகது வர ஓடும்" என்று கையை விரித்தான். பெட்டி நின்றால் மனுசன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரோ என்று இசபெலுக்கு ஒரே வெப்ராளம்.

அந்த நேரத்தில்தான் பெபிஷா போனை நீட்டினாள். அதே கம்பெனி, கிடப்பில் போட்ட மூன்று கேம்களில் எதற்குப் புதுசு வேண்டும் என்று ஜனங்களிடம் வோட்டு கேட்கிறது. ஒன்று கார் ரேஸ், ஒன்று வாள்சண்டை, மூன்றாவது ஹார்பர் கிங். பத்து நாள் அவகாசம். ஜெயிக்கிறதுதான் வரும், போனிலேயே ஓடும்.

இசபெல் அன்பியம் என்கிற கோயில் ஜெபக்குழுவின் பொறுப்பாளி. ஊரில் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எல்லாம் அத்துப்படி. நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இளைஞர் மன்றத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த அனீஷ் மறித்தான். "கார் ரேஸுதான் மாமி வரணும். அதுதான் கெத்து."

"ஏலே, கார் ஓட்டுகதுக்கு நூறு கேம் கெடக்கு. வாளெடுத்து வெட்டுகதுக்கு ஆயிரம் கெடக்கு. ரெண்டு பேரு ஒரு வள்ளத்துல சேந்து போற கேம் வேற எங்கயாவது உண்டா? இருந்தா சொல்லு, நான் நோட்ட மடக்கிட்டுப் போறேன்."

அனீஷ் போய் அப்பாவைக் கூட்டிவந்தான். அவன் வீட்டு வோட்டும் விழுந்தது. எல்லா வாசலிலும் அவள் சொன்னது ஒன்றேதான்: "பெபிஷாக்க அப்பாவுக்கு வேண்டித்தான். கையில்லாத மனுசன், அது ஒண்ணுதான் அவருக்கு ஆறுதலு." கேட்டவர்கள் மறுக்கவில்லை. பெபிஷா கூடவே நடந்து, ஒவ்வொரு வீட்டுத் தலைவரின் பெயரையும் போனில் ஏற்றினாள்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்த ஊரில் கோயில் நிர்வாகத்துக்கான பங்குப்பேரவைத் தேர்தலில் வீட்டுக்கு ஒரு வோட்டுதான், அது வீட்டுத் தலைவருக்கு. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு வீட்டிலிருந்து இரண்டு வோட்டு விழுந்துவிட்டது என்று சொல்லி ஊர் இரண்டாகப் பிரிந்து கல்லெறிந்தது. இசபெலின் தம்பி தலையில் ஏழு தையல். இரண்டு வருசம் திருவிழா நடக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரையில் இரண்டாவது வோட்டு என்றாலே பாவம் மாதிரிதான்.

"அம்மா, இது ஆளுக்கு ஒண்ணு போடலாம்" என்று பெபிஷா முதல் நாளே சொன்னாள்.

"கள்ள வோட்டுக்கு வழி சொல்லுகியா? நர்சிங் படிக்க அனுப்புனது இதுக்கா?"

"அய்யோ, இது கள்ள வோட்டு இல்லம்மா!"

"வாய மூடு. நம்ம ஊருக்குன்னு ஒரு மரியாத உண்டு."

சபிதா தானாக வந்து கேட்டாள். "எங்க வீட்டாரு போட்டாச்சு. நானும் ஒண்ணு போடுகேன் ஏட்டி. தெனமும் நீ போடுற சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வள்ளத்துல ஏறணும்னு ஆசையா இருக்கு." இசபெல் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்காத குறையாகத் தடுத்தாள். "ஒன் வீட்டு வோட்டு விழுந்தாச்சுல்லா? பேசாம இரி." சபிதா முகம் சுருங்கிப் போய்விட்டாள். பத்து நாளில் இருநூற்றுப் பதினாலு வீட்டில் இருநூற்றியொரு வீடு வோட்டுப் போட்டது. நோட்டில் வரிசையாக டிக் அடித்து, கீழே கோடு போட்டு, இசபெல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. கார் ரேஸ் நாலாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. ஹார்பர் கிங் நாலாயிரத்து நானூற்று முப்பத்தெட்டு.

"நூத்தி எழுவத்தி மூணு வோட்டு கொறவும்மா" என்றாள் பெபிஷா. "வீட்டுக்கு ஒரு பொம்பள போட்டிருந்தாலே ஜெயிச்சிருக்கும்."

இசபெல் நோட்டைத் திறந்தாள். மரியஜான், சிஜின், ஜெனித், வைகுண்டராஜன்... இருநூற்றியொரு பெயரில் விதவைகள் ஒன்பது பேர் தவிர எல்லாம் ஆம்பளைகள். இதை வைத்துத்தான் பத்து நாள் வெயிலில் நடந்தாள். சபிதாவின் சுருங்கின முகம் அவள் கண்ணில் வந்து நின்றது. தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

மரியஜான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி இருமிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க. ஒங்களுக்கு அந்த நாலாம் பாகத்த வாங்கித் தர என்னால முடியல்ல" என்றாள்.

"எனக்கா?" அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி இசபெலு, ஊரெல்லாம் எனக்கு வேண்டி, எனக்கு வேண்டின்னு சொல்லிட்டு நடந்தியாமே. அந்தச் சொவரப் பாத்துப் படுத்த காலமெல்லாம் போச்சு. இது வரல்லன்னா நான் செத்தா போவேன்? இருவத்திரெண்டு வருசம் கடல்ல கெடந்து, எனக்கு அதுல காண வேண்டியதெல்லாம் கண்டாச்சு."

அவள் நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

"ஒன்ன எவனாவது வள்ளத்துல ஏத்துவானா இந்தக் கரையில? நான் ஏத்துனேனா? பொம்பள கரையில நின்னு மீன வாங்குனா போதும்னு இருந்தவன்தானே நானும். இதுலதான் நீ கடலுக்கு வந்த. வல எறியும்போ ஒன் மொகத்த நான் பாத்திருக்கேன்." அவர் குச்சியைக் கீழே வைத்தார். "நம்ம வீட்டு வோட்டு யாரு பேர்ல போட்ட?"

"ஒங்க பேர்லதான்."

"கூறு இருக்கா ஒனக்கு? வேணுங்கவ நீயில்லா."

அவர் வையவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. சந்தையே அடங்கும் அந்தக் குரலில் இசபெல் அழுதாள், அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்ற வெட்கம்கூட இல்லாமல்.

"எனக்குத்தான் வேணும். அந்தப் பாறைக்க அங்கிட்டு என்ன இருக்குன்னு பாக்கணும்னு எனக்குத்தான் கெடந்து துடிச்சுது. இருநூறு வீடு ஏறி இறங்குனனே, எனக்குன்னு ஒண்ணு போடத் தோணல்லியே!"