ராபர்ட்சன்பேட்டையில் அந்நியர் தேவை

மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. இதையே சம்பளமில்லாமல் செய்கிறவர்கள் கோலார் தங்கவயலில் எங்கள் கோரமண்டல் பகுதியில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

சமூக உளவியல் என்றால், "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்பார்கள். செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் தவிக்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆபீஸ் பெங்களூரில். மகள் ஜெனி எழுந்திருக்கும் முன் ரயில் ஏறி, அவள் தூங்கிய பின் திரும்புவேன். தலை சீவி அவளைப் பள்ளிக்கு அனுப்புவது என் கணவர். இந்த நிலையில் மேனேஜர் ஒரு வாக்குக் கொடுத்தார். முன்பின் தெரியாதவருக்கு உதவ மனிதரைத் தூண்டுவது எது என்று எங்கள் ஊரில் ஓர் ஆய்வு. அது தேறினால் இனி வீட்டிலிருந்தே வேலை. ஜெனிக்கு நானே சடை பின்னலாம் என்ற ஆசையில் தலையை ஆட்டிவிட்டேன்.

உந்துசக்தி

ஒத்திகையாக ஒரு பேட்டி எடுத்தேன். எதிர்வீட்டு அந்தோணி அங்கிள் தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அத்தனை ஆழத்துக்குத் தினமும் இறங்க ஒருவரைத் தூண்டுவது கடமையா, பயமா, கூட்டாளிகள் மேல் உள்ள பாசமா? பாடப்புத்தகம் சொன்னபடி பக்குவமாக, "உங்களைத் தினமும் கீழே கொண்டுபோனது எது அங்கிள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா கேள்வி இது? கேஜ் லிப்ட்டுதான் கொண்டுபோச்சு. அது இல்லாங்காட்டி கயித்தக் கட்டிக்கினா எறங்குவாங்க?"

மயக்கம்

அடுத்தது களப்பணி. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மயங்கி விழ வேண்டும். முன்பின் தெரியாத அவரைத் தூக்க யார் வருகிறார்கள், யார் ஒதுங்கிப் போகிறார்கள் என்று நான் மறைந்து நின்று குறித்துக்கொள்ள வேண்டும். நடிக்க, அடுத்த பகுதியான பாலகாட்டில் இருக்கும் வினோத் ஒப்புக்கொண்டான்.

அருமையாக விழுந்தான். ஆனால் அவன் தலை தரையைத் தொடுவதற்குள், "டேய், நம்ம பாலகாட் வினோத்துடா!" என்று ஒரு குரல். சோடா வந்தது. பூக்காரம்மா விசிறினார். யாரோ போன் போட்டு, அவன் அம்மா ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினார். ஆய்வுக்காகத்தான் என்று நான் உண்மையைச் சொன்னதும் அழுகை சட்டென்று நின்றது.

"ஜனங்களப் படிக்கணும்னா எம்புள்ளதான் வுழணுமா? நீ வுழுந்து படிக்கிறது!"

வெளியூர்க்காரர்

உள்ளூர் ஆளை வைத்தது என் தப்பு என்று, ஆபீஸிலிருந்து தினேஷை வரவழைத்தேன். ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் அவனைத் தெரியாது. கடைவீதியில் கால் பிசகியவன் போல நொண்டினான். ஜவுளிக்கடை முருகேசன் அண்ணன் ஓடி வந்து நாற்காலி போட்டார்.

ஆஹா, அந்நியருக்கு உதவி என்று எழுதப்போனேன். அதற்குள் அவர் டீ சொல்லி, எந்த ஊர் என்று கேட்டு, ஆம்பூர் என்றதும் எந்தத் தெரு என்று கேட்டு, தன் மச்சினி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அது நாலாம் வீடு என்பது வரைக்கும் போய்விட்டார். என்னைக் கண்டதும் தனியே அழைத்தார்.

"ஏம்மா ஸ்டெல்லா, எங்க மச்சினி பொண்ணுக்குப் பாக்கறாங்க. ஜாதகத்த வாட்ஸப்ல அனுப்பச் சொல்லு, கால் மெதுவா சரியாவட்டும்."

மேலிடம்

அந்நியர் கிடைக்காததால் ஆய்வு நடக்கவில்லை என்று ஒளிக்காமல் அறிக்கை கொடுத்தேன். மனிதரை ஊக்கப்படுத்துவது எப்படி என்று ஊரெல்லாம் வகுப்பு எடுப்பவர் எங்கள் மேனேஜர். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இனி இல்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கவனித்து, தொழில்முறையில் ஆறுதலும் சொன்னார்.

"டிராவல்னு நெனச்சாதான் கஷ்டம் ஸ்டெல்லா. தினமும் அஞ்சு மணி நேரம் உங்களோட நீங்களே இருக்கீங்கன்னு நெனச்சுப் பாருங்க."

ஞாயிறு

அந்த வாரக் கடைசியில் ஜெனி தன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை விளையாடக் கூட்டி வந்தாள். நான் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன். "யாருடி அவங்க?" என்று அந்தப் பெண் கேட்டது காதில் விழுந்தது. அப்பாவை வா, போ என்று விரட்டுகிற என் மகள், என்னைப் பற்றி மட்டும் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கம்மாடி. சண்டே மட்டும் வருவாங்க."

ஆய்வுக்குத் தோதான அந்நியர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே அகப்பட்டுவிட்டார், ஆனால் அவரை இனி பெங்களூருக்கு அனுப்புவதற்கில்லை என்று மேனேஜருக்கு எழுதி, ராஜினாமாவையும் அதோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.