ரைட்டரம்மா வீட்டில் போட்ட அடுப்பு

எங்கள் பரண்மேல் ஒரு பக்கெட் அடுப்பு இருக்கிறது. பழைய இரும்பு வாளியில் வாய் வெட்டி, உள்ளே களிமண் பூசியது. கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த புதிதில் வாங்கினோம். அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நான்கு வாடகை வீடு மாறினேன். தரையோடு சேர்த்துக் கட்டி அடுப்பு போடுவது சொந்த வீட்டில்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வாடகை வீட்டில் போட்டால் காலி செய்கிற அன்று இடிக்க வேண்டும். சோறு பொங்கிய அடுப்பைத் தன் கையால் இடித்தவள் குடும்பம் விளங்காது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஐந்தாவது வீடு ரைட்டரம்மாவுடையது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து இறந்துபோனவரின் மனைவி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஓட்டு வீட்டை நடுவில் தடுத்து ஒரு பாதியில் அவர் இருந்தார், மறுபாதியில் நாங்கள். மழைக்காலத்தில் விறகெல்லாம் ஈரம். பக்கெட் அடுப்பை ஊதி ஊதி நான் கண் சிவந்து நிற்பதைப் பார்த்து, கட்டி அடுப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. நான் தயங்கும் காரணத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கியபின் சிரித்தார்.

"எங்களுக்கு அந்தச் சாஸ்திரமெல்லாம் கெடையாது கண்ணு. இடிக்கோணும்னு ஒரு நாள் வந்தா நானே இடிக்கறேன். பாவம் எம்மேல இருக்கட்டும். நீ போடு."

அப்போதும் நான் போடவில்லை. என் கணவருக்கு எப்போதும் "சொந்த ஊடு" என்பதே பேச்சு. எஸ்டேட் லாரி ஓட்டியவர், மலையடிவாரத்தில் குப்பனூரில் ஒரு மனை பார்த்து வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினோம். சூடு மண்ணிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. அவர் கல் பொறுக்கி வரிசையாக வைத்து, இது வாசல், இது சமையக்கட்டு என்று என்னை நடுவில் நிற்க வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. என் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலையும் எங்கள் மகளின் பள்ளிக்கூடமும் மலைமேல். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ரைட்டரம்மா இருமுகிற சத்தமும் மலைமேல்தான். என்ன சொல்கிறாய் என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுப்பதாக மனைக்காரரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மண்ணும் உமியும் குழைத்து, பானை உட்கார மூன்று குமிழ் வைத்து, ரைட்டரம்மா வீட்டுத் தரையில் கட்டி அடுப்பு போட்டேன். சாயங்காலம் வந்த கணவர் ஈரம் காயாத அடுப்பையே வெகுநேரம் பார்த்தார். "ஏம்புள்ள, இத வாயில சொல்லியிருக்கலாமே," என்றார். மனை வேண்டாமென்று போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுப்பு காய்கிறவரை தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். மனையை விட்ட வலி அது என்று எனக்குத் தெரியும். ரைட்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு அவரிடம், "இனி நான் போகச் சொன்னாலும் உம்பொண்டாட்டி போக மாட்டா தம்பி. நாந்தான் பயந்துக்கிட்டு இருக்கோணும்," என்றார். அன்றைக்குத்தான் என் கணவர் சிரித்தார்.

அந்த மனையில் இப்போது யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியே காட்டுவார். "அதா பாரு, உன்ற சமையக்கட்டு." நானும் எட்டிப் பார்ப்பேன். நான் செய்தது சரிதானா என்று கேட்டால் முழுசாகத் தெரியாது. மனசு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ரைட்டரம்மா இறந்துபோய்ச் சில வருஷமாகிறது. சேலத்திலிருந்து அவருடைய மகள் வந்து, சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்து, நீங்களே இருங்கக்கா என்று சொல்லிப் போனாள். இடிப்பதாக ஒத்துக்கொண்டவர் இப்போது இல்லை. அவர் கொடுத்த வாக்கை மகளிடம் நான் சொல்லவும் இல்லை. ஆனாலும் வாடகைக்காரிதானே. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பக்கெட் அடுப்பைப் பரணிலிருந்து இறக்கி, புது மண் பூசி, வெயிலில் காயவைத்துத் திரும்பவும் ஏற்றி வைக்கிறேன். கீழே கட்டி அடுப்பில் சோறு கொதிக்கிறது.