சின்னச் சொற்களும் இரண்டு கட்டில்களும்

டொரீனின் வீட்டுக் கதவை நானே திறந்துகொண்டுதான் போகவேண்டும். வாசற்சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் திறப்பு. எண்பது தாண்டிய மனுசியைப் பேர்சொல்லி எழுதுகிறாளே என்று ஊரில் இருப்பவர்கள் கோபிக்கவேண்டாம்; "மிஸிஸ்" என்று கூப்பிட்டால்தான் அவருக்குக் கோபம் வரும். திறப்புச் சத்தம் கேட்டதும் படுக்கையறையிலிருந்து குரல் வரும். "கம் ஸ்ட்ரெயிட் இன், லவ்." நேராக உள்ளே வரட்டாம். நேராகப் போனால் நான் சுவரில்தான் முட்டவேண்டும். அந்த வீட்டு நடை இரண்டு இடத்தில் வளைந்துதான் அவருடைய அறைக்குப் போகிறது. இங்கிலாந்துக்கு வந்து முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, இந்த ஸ்ட்ரெயிட்டைப் பற்றி நான் யோசிக்காத காலை இல்லை.

நான் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக்காரி. உடுவிலில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் நின்று படித்தவள். ஆங்கிலத்தில் என்னை ஒருவரும் அசைக்கமுடியாது என்றொரு நினைப்பு இருந்தது. வினையைச் சொல், அது எப்படி நடந்தது என்பதைக் கடைசியில் வை: ஷி வோக்ஸ் ஸ்லோலி. எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டம் அவ்வளவுதான். இங்கே வந்து பார்த்தால் வினைச்சொல் ஒன்றும் தனியாக வெளிக்கிடுவதில்லை. பின்னால் அப், டவுன், இன், ஓஃப் என்று ஒரு வாலைக் கட்டிக்கொண்டு வருகிறது. போதாததற்கு ரைட், ஸ்ட்ரெயிட் என்று இன்னொன்று நடுவில் ஏறிக் குந்திக்கொள்கிறது, பருத்தித்துறை பஸ்ஸில் இரண்டுபேர் சீற்றில் மூன்றாவது ஆள் நெருக்கிக்கொண்டு இருப்பதுபோல. நைஸ்லி மாதிரியானவை மரியாதையாகக் கடைசியில் நிற்கும். ரியலி முன்னுக்கு ஓடிவரும். ஏன் இப்படி என்று கேட்டால், நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம் என்று சிரிக்கிறார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் டொரீன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஐ ஹாவ் கோன் ரைட் ஓஃப் இட்" என்றார். கோன் தெரியும், ரைட் தெரியும், ஓஃப் தெரியும். மூன்றும் சேர்ந்தால் என்னவென்றுதான் தெரியாது. தேத்தண்ணி ஆறிவிட்டதாக்கும் என்று குசினிக்கு ஓடிப்போய்ச் சுடச்சுட இன்னொன்று ஊற்றிக்கொண்டுவந்து பெருமையோடு நீட்டினேன். அவர் என்னையும் கோப்பையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பாதியைக் குடித்தார். தேத்தண்ணியே தனக்கு வெறுத்துப்போயிற்று என்று அவர் சொன்னது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் விளங்கியது. பாவம், என் முகத்துக்காகக் குடித்திருக்கிறார்.

நடுவில் குந்துகிற அந்தச் சொல்லில்தான் விசயமே இருக்கிறது என்பது மெல்லமெல்லப் பிடிபட்டது. "ஸ்லோயிங் டவுன் எ பிட்" என்று டொரீன் சொன்னால் பயமில்லை; காலில் கொஞ்சம் உளைவு, அவ்வளவுதான். "ஸ்லோயிங் ரைட் டவுன்" என்று சொன்ன கிழமை முழுக்க அவர் கட்டிலைவிட்டு இறங்கவேயில்லை. வருத்தத்தை இந்தச் சனம் கத்திச் சொல்லாது. சின்னச் சொல் ஒன்றுக்குள் மடித்து வைத்துச் சிரித்துக்கொண்டே தரும். நானும் பழகிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வெளிக்கிடும்போது போனில் குறிப்பு எழுதவேண்டும். "செட்டில்ட் பாக் டவுன் நைஸ்லி" என்று எழுதுவேன், நல்லபடியாகத் திரும்பப் படுத்துவிட்டார் என்று அர்த்தம். யன்னலைப் பார்த்து அழுதபடி டொரீன் படுத்துக்கிடந்த நாளிலும் அதைத்தான் எழுதினேன். வேறு சொல் எனக்கு வரவில்லை.

போன மாரியில் ஒருநாள் தம்பி போன் எடுத்தான். அவன் கடற்றொழில் செய்கிறவன், ஊரில் அம்மாவோடு இருப்பது அவனும் அவன் மனைவியும்தான்.

"அக்கா, அம்மா நல்லாத்தான் இருக்கிறா. கொஞ்சம் விழுந்தவ, வேறை ஒண்டுமில்லை. நீங்கள் யோசியாதேங்கோ."

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு ஊரிலிருந்து கெட்ட செய்தி முழுதாக வருவதில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் சொல்லாமல் மறைத்தவர்கள், மீதிப்பேர் மறைக்கப்பட்டவர்கள். முன்பென்றால் நானும் நம்பியிருப்பேன். ஆனால் இப்போது என் காது டொரீனிடம் பழகிய காது. நல்லாய் இருக்கிறா என்றால் போதாதா, எதற்கு அந்தத் "தான்"? விழுந்தவ என்பதற்கு முன்னால் எதற்கு ஒரு "கொஞ்சம்"? என் தாய்மொழியையே பிறத்தியார் மொழியைக் கேட்பதுபோல் ஒட்டுக்கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். "மச்சாளிட்டைக் குடு" என்றேன். தம்பி மனைவியும் நானும் ஒருவருக்கொருவர் மச்சாள்; அவளுக்கு மறைக்கத் தெரியாது.

"பாரிசவாதம் மச்சாள். வலப்பக்கம் முழுக்க இழுத்துப்போட்டுது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நான் போகவில்லை, போகமுடியவில்லை. லீவு கேட்டேன், மாற்றுக்கு ஆள் இல்லை என்றார்கள். விட்டெறிந்துவிட்டுப் போகலாம், திரும்பி வரமுடியாது. என் விசாவை இந்த வேலையோடு கட்டியிருக்கிறார்கள், என் விசாவோடு பிள்ளைகளின் படிப்பு கட்டிக்கிடக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தம்பி விடியமுதல் கடலுக்குப் போய்விடுவான். மச்சாள் தனியே அம்மாவை எழுப்பி இருத்திச் சாப்பாடு தீத்தவேண்டும். வழங்காத கையைப் பிடித்துத்தான் அவள் இழுக்கிறாள் என்பது போனில் கேட்கிற அம்மாவின் "ஐயோ"விலேயே எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்துக்குத் திருப்புங்கோ, முதலில் காலைக் கீழே விடுங்கோ, பிறகு தோளுக்கடியில் கை குடுத்து நிமிர்த்துங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்" என்பாள். மறுநாளும் அதே ஐயோ. சுத்தத் தமிழில் சொல்லியும் விளங்கப்படுத்த முடியாமல் போனதில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

ஒரு காலை, டொரீனைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது மச்சாளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது. எடுத்தேன். அம்மாவுக்குத் தோள்மூட்டு வீங்கியிருந்தது. அங்கே நேரம் மத்தியானம், சாப்பாடு கட்டிலருகே தொடப்படாமல் இருந்தது. "என்னாலை ஏலாது மச்சாள், தொடவே பயமாக் கிடக்கு" என்று மச்சாள் விம்மினாள். யார் அது என்று டொரீன் கேட்டார். "மை மதர். ஷி ஃபெல் டவுன்" என்றேன். அதற்கு நடுவிலோ கடைசியிலோ என்ன சேர்க்கவேண்டும் என்று தெரியவில்லை. அம்மா விழுந்ததை அளக்கிற சின்னச் சொல் எனக்கு ஆங்கிலத்திலும் கிடைக்கவில்லை, தமிழிலும் கிடைக்கவில்லை. டொரீன் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் மச்சாள் பயந்துபயந்து மறுபடியும் அம்மாவின் அந்த வழங்காத கையையே பிடிக்கப் போனாள்.

"நோ, நோ" என்று டொரீன் கத்தினார். பிறகு என்னிடம், "கோ ஓன் தென். சிட் மீ ரைட் அப். லெட் ஹேர் சீ" என்றார்.

தன்னை நேராக நிமிர்த்தி இருத்தி அவளுக்குக் காட்டட்டாம். கம்பனிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். டொரீனின் தோளில் துவாயைச் சுற்றிவிட்டு, போனை மேசையில் பூச்சாடியில் சாய்த்து வைத்தேன். டொரீனைப் பக்கத்துக்குத் திருப்பினேன். மச்சாள் அம்மாவைத் திருப்பினாள். காலைக் கீழே விட்டேன். அவளும் விட்டாள். தோளுக்கடியில் கை கொடுத்து நிமிர்த்தினேன். ஐயோ என்ற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இரண்டு கிழவிகளும் இரண்டு கட்டில் விளிம்பில் எதிரெதிரே இருந்தார்கள்.

அம்மா திரையை நெடுநேரம் பார்த்தார். வாய் கோணி, சொற்கள் குழறித்தான் வந்தன.

"உந்த மனிசி ஆர் பிள்ளை?"

"நான் பாக்கிற ஆள், அம்மா."

"நல்லாப் பிடி. விழுந்திடப்போறா."

டொரீன் என்மேல் பாரமாகச் சாய்ந்திருந்தார். திரையில் அம்மாவின் தலைமயிர் முகத்தில் விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட வேண்டும்போல் இருந்தது. என் இரண்டு கைகளும் டொரீனின் முதுகில் இருந்தன.